நெல்லை ஆய்வு மாணவருக்கு சூப்பர் கம்ப்யூட்டரா, கிளவுடா?

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் வேகம் அதற்கு. மத்திய அரசு 2015-இல் 4,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்த இயந்திரம் இது. இந்தத் திட்டத்தின் இயந்திரங்களில் ஒரு பகுதி நேரம் வெளிக் கல்வி நிறுவனங்களின் ஆய்வுக்கும் உரியது. அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ படிப்பவர்கள் இதைக் கேட்கத் தயங்கவே கூடாது.

ஆனால் எல்லா ஆய்வுக்கும் அது தேவையில்லை. தேவைப்படும் ஒன்றை முதலில் பார்ப்போம். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைக் கணினியில் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுப்படுகையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டத்தின் நீர்மட்டம் தெரிந்தால்தான் பக்கத்துக் கட்டத்தைக் கணக்கிட முடியும். நூற்றுக்கணக்கான செயலிகள் (பிராசசர்கள்) ஒன்றோடொன்று ஓயாமல் தகவல் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த அதிவேக இணைப்புதான் சூப்பர் கம்ப்யூட்டரின் உண்மையான பலம். வாழை இலைப் படங்களை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் மாடல் என்றால் கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஜிபியு, அதாவது பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சிப், போதும். கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினியில், அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

கிளவுடில் முதலில் பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்டும் இலவச கூகுள் கோலாபில் சின்ன அளவில் ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால், 2024-இல் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டம் இருக்கிறது. அதன் கம்ப்யூட் போர்ட்டலில் தகுதி பெறும் மாணவர்களுக்கு ஜிபியு கட்டணத்தில் 40 சதவீதம் வரை அரசு மானியம் உண்டு. கிளவுடில் ஒன்றை மறக்கக் கூடாது: வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நீங்கள் தூங்கினாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

சூப்பர் கம்ப்யூட்டருக்கு உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் வழியாக விண்ணப்பிப்பதே சரி. என்ன கணக்கு, எந்த மென்பொருள், எத்தனை செயலி, எத்தனை மணி நேரம் என்று தெளிவாக எழுதுங்கள். கட்டணம் உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, இணையம் வழியாகவே உள்ளே போகலாம். அங்கே எல்லாம் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இயங்குதளம்தான். வேலையை ஸ்கிரிப்டாக (கட்டளைகள் அடங்கிய கோப்பாக) எழுதி வரிசையில் போட வேண்டும், முறை வரும்போதுதான் ஓடும். அதனால் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் போய் நிற்காமல், பருவத் தொடக்கத்திலேயே பேராசிரியரிடம் பேசிவிடுங்கள்.