படிக்கிறவர் படிப்பதை நிறுத்தினால்

"எந்நேரமும் கதைப் புத்தகமும் கையுமா இருக்கா டாக்டர், வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாது" என்று மகளை அழைத்து வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். (நான் மருத்துவர் இல்லை, உளவியலாளர். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) புத்தகத்தை மூடிய பிறகு அவள் என்ன செய்கிறாள் என்றுதான் முதலில் கேட்பேன். சாப்பிட வருகிறாளா, தோழிகளோடு பேசுகிறாளா, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா? ஆமாம் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் சண்டை நடக்கும் வீட்டில், சாத்திக்கொள்ளத் தனி அறை இல்லாத பிள்ளைக்குப் புத்தகம்தான் அறை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் விடிய விடிய துப்பறியும் நாவல் படிக்கிறவர் விஷயம் வேறு. அவரோடு நாவலைப் பற்றி இல்லை, அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருகிறவர்கள், படித்துக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்கள்.

ஓர் அம்மா. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பல வருடமாகக் கிளை நூலக உறுப்பினர், வாரம் இரண்டு புத்தகம் முடிப்பவர். கணவர் இறந்து எட்டு மாதம். தூக்கம் வரவில்லை என்று மகன் அழைத்து வந்தார். கிளம்பும்போதுதான், "இப்பல்லாம் அம்மா புத்தகத்தைத் தொடுறதே இல்ல, கண்ணாடி மாத்தணும் போல" என்றார். கண்ணில் கோளாறு இல்லை. "ஒரே பக்கத்த நாலு தடவ படிக்கிறேன், யார் பேசுறாங்கன்னே பிடிபடல" என்றார் அந்த அம்மா.

மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்தும் 'பிஹெச்க்யூ-9' என்ற படிவத்தில் 9 கேள்விகள் உண்டு. கடந்த 2 வாரங்களைப் பற்றியவை. முதல் கேள்வி, எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதா என்பது. ஏழாவது, செய்தித்தாள் படிப்பது போன்றவற்றில் கவனம் நிற்காமல் போகிறதா என்பது. நிறையப் படிக்கிறவருக்கு இந்த இரண்டும் புத்தகத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் என்ன செய்கிறார்கள்? "படிங்கம்மா, மனசு லேசாகும்" என்று தன்னம்பிக்கை நூல்களாக வாங்கிக் குவிக்கிறார்கள். 'இதுகூட முடியவில்லையே' என்ற பாரம்தான் கூடுகிறது. இங்கிலாந்தில் 2013 முதல் மருத்துவர்களே நூலகப் புத்தகங்களைப் பரிந்துரைக்கும் திட்டம் இருக்கிறது. அதுகூட லேசான, நடுத்தரச் சிக்கல்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டதுதான்.

அந்த அம்மாவை மனநல மருத்துவரிடம் அனுப்பினேன், மாத்திரை தொடங்கினார். என்னிடமும் வந்துகொண்டிருந்தார். புதுப் புத்தகம் வேண்டாம், முன்பே படித்து முடிவு தெரிந்த கதையில் தினம் பத்து நிமிடம் போதும் என்றேன். முடியாத நாளில் பேத்தி வாசித்துக் காட்டினாள்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்து, யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஆறாவது முறை வந்தபோது அந்த அம்மா, கதாநாயகி எடுத்த முடிவு சரியே இல்லை என்று அரை மணி நேரம் என்னோடு சண்டை போட்டார். அன்று நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.