அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்தாளுநருக்கு என்ன வேலை?

மருந்தாளுநர் என்றால் சீட்டை வாங்கி மாத்திரை எடுத்துத் தருபவர் என்றே பலரும் நினைக்கிறோம். அவசர சிகிச்சைப் பிரிவில் அவர் நிற்பது நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில். எந்த மருந்து, எவ்வளவு, எதில் கலப்பது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதெல்லாம் அவர் கவனத்தில் இருப்பதால், டாக்டர் நோயாளியை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

பக்கவாதத்தோடு ஒருவர் வருகிறார். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று ஸ்கேன் சொல்லிவிட்டால், அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று உறவினரிடம் மருந்தாளுநர் துருவிக் கேட்பார். அதைச் சாப்பிட்டிருந்தால் இந்த மருந்தே மூளைக்குள் ரத்தம் கசிய வைத்துவிடலாம்.

அடுத்தது கணக்கு. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 63 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, 6.3, ஒரு நிமிடத்தில் ஊசியாகப் போகும், மீதி 56.7 ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். குப்பியில் இருப்பதோ 100 மில்லிகிராம். மிஞ்சும் 37-ஐ முதலிலேயே உறிஞ்சி வெளியே எடுத்துவிடுவார்கள், தவறிக்கூட உடம்புக்குள் போய்விடாதபடி. பொடியைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும்; மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இவர்களின் அருமை அதிகம் தெரிவது செயற்கை சுவாசக் குழாய் பொருத்திய பிறகுதான். குழாயை உள்ளே செலுத்த இரண்டு மருந்துகள் போடுவார்கள். நினைவிழக்க வைக்கும் எட்டோமிடேட்டின் தாக்கம் பத்து நிமிடம் போலத்தான் நீடிக்கும். தசைகளை அசையவிடாமல் செய்யும் ரோகுரோனியமோ, இதற்குத் தரும் அளவில் ஒரு மணி நேரம்கூட நீடிக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் நோயாளிக்கு நினைவு திரும்பிவிட்டால்? வலி தெரியும், பேச்சு காதில் விழும், ஆனால் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது. அமைதியாகப் படுத்திருக்கிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். இந்தக் கொடுமை நேராமலிருக்க, குழாய் உள்ளே போகும்போதே மயக்க மருந்தையும் வலி மருந்தையும் அடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, "இப்போதே தொடங்கலாமா டாக்டர்?" என்று நினைவூட்டுபவர் மருந்தாளுநர்.

இந்தப் பணிக்கு மருந்தியல் பட்டம் மட்டும் போதாது. வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மூத்தவர்களோடு நின்று பழக வேண்டும். கூச்சலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே தசமப் புள்ளி பிசகாமல் கணக்குப் போட வரவேண்டும். அளவு தப்பாகப் பட்டால், சொன்னவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், "கொஞ்சம் பொறுங்கள்" என்று தடுக்கும் துணிச்சலும் வேண்டும்.