ஒரு பல் தப்பினால் 18 டிகிரி

கார் எஞ்சினில் பழைய டைமிங் பெல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவது மட்டும் என்றால் சில நிமிட வேலைதான். வழியில் நிற்கும் பாகங்களைக் கழற்றுவதற்கும், எஞ்சினின் இரண்டு தண்டுகள் எந்தக் கோணத்தில் நின்றனவோ அதே கோணத்தில்தான் திரும்ப நிற்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கும்தான் அரை நாள் போகிறது. அந்தக் கோணம் எதற்கு என்று புரிந்துவிட்டால், மேனுவலில் உள்ள விநோதமான கட்டளைகளுக்கெல்லாம் காரணம் தெரிந்துவிடும்.

கீழே இருப்பது கிராங்க்ஷாஃப்ட். பிஸ்டன்கள் அதைச் சுழற்றுகின்றன. மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட் வால்வுகளைத் திறக்கிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது ஆகிய நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். எனவே கேம் பாதி வேகத்தில் சுழல்கிறது. கிராங்க் புல்லியில் (பெல்ட் ஓடும் பல்சக்கரத்தில்) 20 பல் என்றால் கேம் புல்லியில் 40 பல். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டுவதற்குத்தான் பெல்ட்டுக்கும் பல் வைத்திருக்கிறார்கள்.

பெல்ட் மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால்? 20 பல் கிராங்க் புல்லியில் ஒரு பல் என்பது 18 டிகிரி. வால்வுகள் எல்லாமே 18 டிகிரி முன்னாலோ பின்னாலோ திறக்கும். வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் இழுவை இருக்காது, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நடுங்கும். இரண்டு மூன்று பல் தப்பினால் விஷயம் வேறு. இன்றைய பல எஞ்சின்களில், முழுதாகத் திறந்த வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் உச்சிக்கு ஏறும் இடமும் ஒன்றுதான். வெவ்வேறு நேரத்தில் வந்துபோவதால்தான் இரண்டும் மோதுவதில்லை. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் மட்டும் வேகமாக இன்னும் சுழன்றுகொண்டிருக்கும், திறந்தபடி நின்ற வால்வுகளை பிஸ்டன் வந்து அடிக்கும். வால்வு வளையும், வால்வுகள் இருக்கும் மேல் பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும், சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும். பழைய டொயோட்டா கரோலாவின் 4ஏ-எஃப்இ போன்ற சில எஞ்சின்களில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு. பெல்ட் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். உங்கள் எஞ்சின் எந்த வகை என்று வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பல் பெல்ட்டை அதிக அளவில் தயாரான காருக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962-இல், 1004 என்ற சிறிய காரில். அதற்கு முன் சங்கிலியோ பற்சக்கரமோதான். பெல்ட் விலை குறைவு, சத்தம் கிடையாது, எண்ணெயும் வேண்டாம். வெளியே தெரிவது ரப்பர். இழுவையைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள். பல்லின் மேல் தேய்மானத்துக்காக நைலான் துணி ஒட்டியிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2500 ஆர்பிஎம்மில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 80,000 கிலோமீட்டருக்குள் கிராங்க் 20 கோடி முறை சுற்றியிருக்கும். பெல்ட்டின் ஒவ்வொரு பகுதியும் அத்தனை காலமும் புல்லிகளைச் சுற்றி வளைந்து நிமிர்ந்தபடியே இருக்கிறது. வண்டி நின்றிருந்தாலும் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் வயதாகி இறுகும். அதனால்தான் கிலோமீட்டரோடு வருடக் கணக்கையும் கொடுக்கிறார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. தேய்ந்த சங்கிலி பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் பல நேரம் எதுவும் சொல்லாமலே போய்விடும். பழைய கார் வாங்குபவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கும் நேரத்தில் பாதியை இதை விசாரிக்கச் செலவிடலாம்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கை சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எஞ்சினின் உடலான அலுமினிய பிளாக் சூட்டில் நன்றாக விரியும், கண்ணாடி இழை அந்த அளவுக்கு விரியாது. கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் இருந்தால், 80 டிகிரி சூடேறும்போது இரண்டின் விரிவுக்கும் அரை மில்லிமீட்டர் அளவில் வித்தியாசம் வரும். சூட்டில் டென்ஷன் வைத்தால், ஆறியதும் பெல்ட் தளர்ந்துவிடும்.

பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க் புல்லியிலும் கேம் புல்லியிலும் உள்ள குறிகளை எதிரே உள்ள குறிகளோடு நேர்ப்படுத்த வேண்டும். மாருதி 800 மாதிரி எளிய எஞ்சினில் குறிகளே போதும். டஸ்டரில் வந்த ரெனோவின் 1.5 லிட்டர் டீசலில் கேமையும் கிராங்கையும் ஊசி போன்ற பின்களைச் செருகிப் பூட்ட வேண்டும். பின் இல்லாமல் கண் மதிப்பில் அதைத் தொடாதீர்கள். பூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வால்வு ஸ்பிரிங் கேமின் சரிவில் அழுத்திக்கொண்டே இருக்கும். பெல்ட் விலகியதும் கேம் தானாகவே துள்ளித் திரும்பிவிடலாம். இன்னொன்று: அந்தப் பின்னைப் பிடிமானமாக வைத்துக் கிராங்க் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. அந்தப் பின் இருப்பது நிலையைக் காட்டத்தான், பலத்தைத் தாங்க இல்லை.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதை வழிநடத்தும் இடை உருளைகளையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும். இருநூறு ரூபாய் பேரிங் ஒன்று இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். தண்டுகளின் முனையில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். எண்ணெயில் ஊறினால் ரப்பர் கெட்டுவிடும்.

புது பெல்ட்டைக் கிராங்க்கில் தொடங்கி, எஞ்சின் ஓடும்போது இறுகியிருக்கும் பக்கம் வழியாகக் கேமுக்கு ஏற்ற வேண்டும். அந்தப் பக்கம் தொய்வே கூடாது. மிச்சத் தொய்வெல்லாம் டென்ஷனர் இருக்கும் பக்கம் வந்து சேர வேண்டும், அங்கேதான் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. எஞ்சினைக் கையால் திருப்பும்போது அது ஓடும் திசையிலேயே திருப்பச் சொல்வதும் இதனால்தான். எதிர்த்திசையில் திருப்பினால் தொய்வு இடம் மாறிவிடும்.

அப்புறம், சாவியைத் தொடும் முன் பூட்டும் பின்களை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்க்கை முழுதாக இரண்டு சுற்று திருப்ப வேண்டும். இரண்டு சுற்றில்தான் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் காற்றழுத்தம் தடுக்காது, கைக்கு உண்மை தெரியும். எங்காவது இரும்பில் முட்டினதுபோல் நின்றால் அழுத்தித் திருப்பாதீர்கள், வால்வும் பிஸ்டனும் தொட்டிருக்கலாம்.

இரண்டு சுற்று முடிந்ததும் பலர் பதறுவது ஒரு விஷயத்துக்கு. புது பெல்ட்டின் மேல் அச்சிட்டிருந்த கோடுகள் புல்லிக் குறிகளை விட்டு எங்கோ போயிருக்கும். கிராங்க் புல்லியில் 20 பல் இருந்தால் இரண்டு சுற்றில் பெல்ட் 40 பல்தான் நகரும். பெல்ட்டில் நூறுக்கு மேல் பல் இருக்கும்போது அந்தக் கோடு எப்படித் திரும்பி வரும்? அது மாட்டும்போது உதவ மட்டுமே. புல்லிகளின் குறிகள் மூடியில், பிளாக்கில் உள்ள குறிகளோடு நேராக நின்றால் போதும், டென்ஷனரை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு கவரை மூடலாம். மூடியதும் அதன் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.