கோடையில் குளத்து மீன் ஏன் சாகிறது, கடலோரம் ஏன் ஏமாற்றுகிறது

ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி விடியற்காலை ஐந்து மணிக்கு வருபவை. "சார், மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்பார்கள். அந்த நேரத்தில் கூப்பிடுபவருக்கு ஏதாவது செய்துவிடலாம். ஏழு மணிக்கு மேல் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் "சார், எவனோ மருந்து கலந்துட்டான்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்போது போய் நின்றால் செத்த மீனை எண்ணத்தான் முடியும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கும் கரையோரத்தில் தொழில் செய்பவர்களுக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. பதினெட்டு கோடை பார்த்துவிட்டேன். கோடையின் ஆரம்பத்தில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாததால் போகும் மீனும், போகும் உறவும், சில சமயம் போகும் உயிரும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ஊர். அண்ணனுக்கு ஒரு ஏக்கர் குளம். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் பருத்தி. நான் போனபோது கரையில் கட்லா வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ. வாய் திறந்தபடி, செவுள் மூடி விரிந்தபடி. முந்தைய நாள் தம்பி பருத்திக்கு மருந்தடித்திருக்கிறார், சாயங்காலம் நல்ல மழை. அண்ணன் கையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிய புகார் தயாராக இருந்தது. "அண்ணே, நான் வரப்போரமா ரெண்டு வரிசை விட்டுத்தான் அடிச்சேன்" என்று தம்பி எதிர்க்கரையில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கரையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். புல்லுக்கடியில் நீர்ப்பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. குட்டி ஜிலேபி மீன்கள் மேலே வந்து வாயசைத்துக்கொண்டிருந்தன, ஆனால் உயிரோடு இருந்தன. மூலையில் ஒரு விரால் துள்ளி விழுந்தது. ஆக்சிஜன் அளக்கும் கருவியை இறக்கினேன். லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்.

பூச்சிமருந்து கலந்திருந்தால் முதலில் சாவது பூச்சிதான். அப்புறம் குஞ்சு மீன். பெரிய மீன் கடைசியில் சாகும். அதுவும் விடியற்காலையில்தான் என்றில்லை, பட்டப்பகலிலும் சாகும். ஆக்சிஜன் இல்லாமல் சாகும்போது இது தலைகீழாக நடக்கும். பெரிய மீன் முதலில் போகும், அதிலும் பெரும்பாலும் கட்லா முந்திக்கொள்ளும். சாவு நடக்கும் நேரம் விடியலை ஒட்டியே இருக்கும். விராலும் கெளுத்தியில் சில வகைகளும் வெளிக்காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதால் பிழைத்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தைக் குளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீரையும் அப்போதுதான் செத்த மீனையும் ஐஸில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புகாரை அப்புறம் எழுதலாம்.

"ரெண்டு நாளா மேகமூட்டமா?" என்று அண்ணனிடம் கேட்டேன். ஆமாம் என்றார். "சாணி எப்ப போட்டீங்க?" அதற்கு முந்தைய நாள், ஒரு டிராக்டர். அண்ணன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் புகாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும் என்றால் 35 டிகிரியில் ஏழுக்கும் கீழே வந்துவிடும். அதே சூட்டில் மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடும். கெண்டை இனங்களுக்கு 5 இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காது. 1-க்குக் கீழே போனால் சாவு. குளத்தின் பச்சை நிறத்துக்குக் காரணமான பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜன் தரும், ராத்திரியில் அதுவே மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால் ஒரு நாளில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன். உச்சி வெயிலில் குளத்தைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று போகிறவர்கள் பார்ப்பது அந்த நாளின் மிக நல்ல நேரத்தை.

இதில் மேகமூட்டம் சேர்ந்தால் பகலில் பாசி தரும் ஆக்சிஜனும் குறைந்துபோகும். அதன்மேல் கோடை மழை. குளிர்ந்த மழைத்தண்ணீர் கனமானது, கீழே இறங்கும். அடியில் ஆக்சிஜனே இல்லாமல் கிடந்த அழுக்குத் தண்ணீர் மேலே புரளும். வயலிலிருந்து சருகும் சாம்பலும் சாணமும் வேறு ஓடிவரும். "மழை பெய்ததும் மீன் செத்தது, இடி விழுந்துதான்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குளம் முழுக்க மீன் மிதந்தால் இடியை நினைக்காதீர்கள், அடித்தண்ணீரை நினையுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே கை மறைந்துவிட்டால் பாசி அதிகம், சாணமும் தீனியும் நிறுத்துங்கள். மேகமூட்டமான நாளில் தீனி வேண்டவே வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் எந்த மீனும் சாகாது. மே மாதத்தில் தண்ணீர் நாலடிக்குக் கீழே இறங்கினால் பெரிய மீனைப் பிடித்து விற்றுவிடுங்கள். இன்னும் இருநூறு கிராம் ஏறட்டும் என்று வைத்திருந்து மொத்தமும் போனவர்கள் நிறைய.

மீன் வாய் பிளக்கும்போது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் டீசல் இன்ஜினை வைத்துக் குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து பலகை மேலோ கல் மேலோ விழும்படி திரும்பவும் குளத்தில் விடுங்கள். போர் தண்ணீரைக் குழாயை உள்ளே முக்கி நேரடியாக விடாதீர்கள், நிலத்தடி நீரில் ஆக்சிஜன் இருப்பதே குறைவு. அதுவும் சிதறி விழ வேண்டும். பதற்றத்தில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டுவது பெரிய தவறு. நல்ல பச்சையான கோடைத் தண்ணீரில் காரத்தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும். சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றிவிடும், அம்மோனியா விஷமாக மாறும்.

சரி, கடல் பக்கம் வருவோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 ஆனது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கட்டப்பட்டிருக்கும், நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையை ஒட்டித் தொழில் செய்யும். எங்கள் பக்கம் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரையில் அந்த நாட்களில் நண்டு வலையும் சிறு வலையும்தான் சந்தைக்குச் சோறு போடுகின்றன. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், சீக்கிரம் சூடாகும். பிடித்த மீனைப் படகில் வெறுமனே போட்டு வைத்தால் கரை சேர்வதற்குள் கண் குழிந்துவிடும். கோடையில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் காசை மிச்சம் பிடித்து மீன் விலையில் இழப்பதைத் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று, இந்தக் கடலில் ஆவுளியா என்னும் கடல்பசு இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தை 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டிய பிராணி. வலையில் சிக்கினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுங்கள்.

மே மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடிக்கத் தொடங்கும். பாம்பனில் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இந்தக் காலத்தில் ஆண்கடல் தன் பெயரைக் காப்பாற்றிவிடும். பாலத்தின் ஒரு பக்கம் தட்டு மாதிரி அமைதி, மறுபக்கம் கொந்தளிப்பு. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபக்கத்தில் இறங்கிவிடாதீர்கள், குறிப்பாகத் தனுஷ்கோடி முனையில்.

காற்றே இல்லாமல் வருவது கள்ளக்கடல். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் எங்கோ ஒரு புயல். அங்கே கிளம்பிய அலை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும். கடல் உள்வாங்கிக்கூட நிற்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி வழக்கத்தைவிட நீளமாக இருப்பதால் கடல் சாதுவாகத் தெரியும், ஆட்கள் இறங்குவார்கள். அப்புறம் ஓர் அலை வந்து கரையை நெடுந்தூரம் ஏறித் திரும்பும்போது நிற்பவர்களை இழுத்துப் போகும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். அவர்களுக்கு யாராவது ஒருவர் விளக்கிச் சொல்லியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலோர மாவட்டம் வாரியாக இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகும் முன் அதைப் பாருங்கள், அல்லது அந்த ஊர்க் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் கரையில் நிறுத்திய படகுகளை மேடேற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

கோடையில் ஆற்று நீர் வரத்து நின்றதும் முகத்துவாரங்களை மணல் அடைத்துவிடும். பழவேற்காட்டிலும் அடையாற்றிலும் இது வழக்கமாக நடப்பது. கடல் நீர் ஏறி இறங்காத கழிமுகத்தில் தேங்கிய தண்ணீர் குளம் போலவே ஆகிவிடும், அங்கும் விடியற்காலையில் மீன் மிதக்கும். அந்த மீனைப் பொறுக்கிச் சமைக்காதீர்கள்.

உள்நாட்டில் மே, ஜூன் மாதங்களில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கும் அந்த நிமிடம் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் இப்போதெல்லாம் கண்மாயில் மண் எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன. சுற்றிலும் முழங்கால் தண்ணீர், நடுவில் இரண்டு ஆள் ஆழம். திருவிழாவுக்கு முந்தைய நாளே ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளங்களில் கம்பு நட்டுத் துணி கட்டிவிட வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. கலங்கிய சேற்றில் கெளுத்தி முள்ளோ தேளி முள்ளோ குத்தினால் வலி உயிர் போகும். அந்த விஷம் சூட்டுக்கு அடங்கக்கூடியது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்தால் வலி குறையும். கடலில் திருக்கை குத்தினாலும் இதுவே முதலுதவி. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் வைத்து மீன் பிடிப்பவர்களிடம் நான் சமாதானமாகப் பேசுவதில்லை. கம்பத்திலிருந்து கொக்கி போட்டாலும் பேட்டரி வைத்தாலும், தண்ணீரில் நிற்பவன் நீயாக இருந்தாலும் உன் பிள்ளையாக இருந்தாலும் மின்சாரத்துக்கு ஒன்றுதான்.

கண்மாயில் மொத்த மீனையும் அள்ளும்போது ஆழமான மூலையில் ஒரு குட்டையை மட்டும் தொடாமல் விடச் சொல்லி ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில ஊர்களில் கேட்டார்கள். அடுத்த மழைக்கு விரால், கெளுத்தி, அயிரை, உளுவை எல்லாம் அந்தக் குட்டையிலிருந்துதான் பெருக வேண்டும். இவற்றுக்கு யாரும் குஞ்சு வாங்கி விடப்போவதில்லை. அப்புறம் புதுத்தண்ணீர் வரும். வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டு ஏத்து மீன் ஏறும், கையாலேயே பிடித்துவிடலாம். போன வருடம் ஒரு சிறுவன் மடியில் அள்ளி வந்த கெண்டைகளை வாங்கிப் பார்த்தேன். லேசாக வயிற்றை அழுத்தியதும் முட்டை வழிந்தது. அத்தனையும் சினை. "தம்பி, இதுல நாலை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கண்மாயில விட்டுட்டு வர்றியா?" என்றேன். ஐந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். இருவருமாக நடந்துபோய் மிச்சத்தை விட்டுவிட்டு வந்தோம்.