லிசி போர்டன் அழவில்லையாம்!

இந்தப் பருவத்தில் நான் திருத்த வந்த மூன்றாவது ஆய்வேட்டிலும் அதே வாதம்: லிசி போர்டன் கண்ணீர் சிந்தவில்லை என்று நாளிதழ்கள் எழுதின, ஆகவே அவர் கல்நெஞ்சக்காரர், ஆகவே கொலையாளி. மதிப்பெண்ணைக் குறைத்தும் பயனில்லாததால் இதை எழுதுகிறேன்.

1892 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரில் ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட மகள் லிசிக்கு வயது 32. அவருடைய முகத்தை நிருபர்கள் நாள்தோறும் வாசித்தார்கள். அழாதிருந்தால் கொடூரம், மயங்கினால் நடிப்பு. பரிவோடு எழுதியவர்களுக்கோ அதே அமைதி குலப்பெண்ணின் கண்ணியமாகத் தெரிந்தது. ஒரே முகத்துக்கு இத்தனை உரைகள் இருக்கும்போது, அவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு குற்றத்தை நிறுவ முடியாது. கொலைக்குப் பிந்தைய நாள்களில் தாம் அவருக்கு மார்ஃபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்ததாகவும், பின்னர் அளவை இரட்டித்ததாகவும், அவர் கைதாகும்வரை அது தொடர்ந்ததாகவும் குடும்ப மருத்துவர் போவன் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். நிருபர்கள் வியந்த அமைதியில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று எந்த ஆய்வேடும் கேட்பதில்லை. அந்தச் சாட்சியம் விசாரணைப் பதிவில்தான் இருக்கிறது. அங்கே போக மாணவர்களுக்குச் சோம்பல்.

லிசி கோடரியால் தாய்க்கு 40 வெட்டும் தந்தைக்கு 41 வெட்டும் கொடுத்தாள் என்ற சிறுவர் பாட்டையும் தயவுசெய்து மேற்கோள் காட்டாதீர்கள். ஆபியின் உடலில் ஏறத்தாழ 19 காயங்களும், ஆண்ட்ரூவின் தலையில் 10 அல்லது 11 காயங்களுமே இருந்தன. 1893 ஜூன் 20 அன்று முழுக்க ஆண்களே அமர்ந்திருந்த ஜூரி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் லிசி குற்றவாளியல்ல என்று தீர்ப்பளித்தது. பாட்டுக்கு அந்தத் தீர்ப்பும் எட்டவில்லை.

மூன்று நாளிதழ்களில் ஒரே செய்தி வந்திருப்பதால் மூன்று சாட்சிகள் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் போடுவது அன்று தொழில் வழக்கம். (இன்றும்தான், அது வேறு கதை.) நிருபரின் பெயரையும், செய்தி கிடைத்த வழியையும், தேதியையும் குறித்துவிட்டுத்தான் அடிக்குறிப்பு எழுத வேண்டும். 1892 அக்டோபர் 10 அன்று பாஸ்டன் குளோப் நாளிதழ், லிசி கருவுற்றிருந்ததாகவும் அதனால் தந்தையோடு சண்டையிட்டதாகவும் முதல் பக்கத்தில் விரிவாக எழுதியது. மெக்ஹென்றி என்ற துப்பறிவாளர், குளோப் நிருபர் ட்ரிக்கிக்கு விற்ற கட்டுக்கதை அது. அந்த இதழை மேற்கோள் காட்டும் மாணவர்கள், அதே வாரத்து இதழ்களையும் புரட்டிவிட்டு என்னிடம் வாருங்கள். குளோப் கேட்ட மன்னிப்பு அங்கே அச்சாகியிருக்கிறது.