சொல் விளக்கம்: பூலியன் வினவல்

உரைத் தேடலுக்கான நிரல் நூலகம் லூசீன். 1999-இல் டக் கட்டிங் வெளியிட்டது. அவருடைய மனைவியின் நடுப்பெயரே நூலகத்தின் பெயர். அதில் வேலை தொடங்கியவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பெயர் பூலியன் குவெரி. ஒன்றுக்கு மேற்பட்ட தேடல் நிபந்தனைகளை ஒரே கேள்வியாகக் கட்டித் தருவது இதன் வேலை. லூசீன் மீது எழுப்பப்பட்ட தேடுபொறிகளான சோல்ர், எலாஸ்டிக்சர்ச் இரண்டிலும் இதே ஏற்பாடுதான்.

தமிழில் இதைப் பூலியன் வினவல் என்கிறோம். 'குவெரி'யின் வேர் லத்தீன். 'கேள்' என்று ஏவும் குவாரே என்ற வினைவடிவம் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகிவிட்டது. 'வினவு' என்ற பழைய வினை நம்மிடம் இருப்பதால் வினவல் இயல்பாகப் பொருந்துகிறது. கேள்வி, தேடல் என்றும் சொல்லலாம்தான். ஆனால் தேடல் என்பது முழுச் செயலையும் குறிக்கும். வினவல் என்றால் இயந்திரத்திடம் கொடுக்கும் அந்த ஒரு கோரிக்கை மட்டும். இந்த வேறுபாடு நிரல் எழுதும்போது தேவைப்படுகிறது.

'பூலியன்' ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. ஜார்ஜ் பூல் 1815-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை, தானாகக் கற்ற கணிதத்தோடு 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியரானார். சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதலாம் என்று காட்டிய அவருடைய பெருநூல் 1854-இல் வந்தது. அதில் ஒரு எழுத்து ஒரு எண்ணைக் குறிக்காது, ஒரு வகுப்பைக் குறிக்கும். 1 என்றால் எல்லாமும். 0 என்றால் எதுவும் இல்லை. க என்ற வகுப்பில் இருந்து, ங என்ற வகுப்பில் இல்லாதவற்றை க(1−ங) என்று எழுதிவிடலாம். இன்று தேடல் பெட்டியில் ஒரு சொல்லைச் சேர்த்து, இன்னொன்றுக்கு முன்னால் கழித்தல் குறி போடும் ஒவ்வொருவரும் எழுதுவது இந்தக் கோவையைத்தான்.

இதுவரை பெயர் சரி. ஆனால் லூசீனின் பூலியன் வினவல் அப்படியே அவருடைய இயற்கணிதம் அல்ல. அங்கே 'உம்', 'அல்லது', 'இல்லை' என்ற மூன்று செயல்கள். இங்கே அந்த மூன்றும் நேரடியாக இல்லை. வினவலில் போடும் ஒவ்வொரு கூறும் தன் நெற்றியில் ஒரு குறியைத் தாங்கி நிற்கிறது. அந்தக் குறிகள் நான்கு: மஸ்ட், ஷுட், மஸ்ட் நாட், ஃபில்டர். நல்ல தமிழ் தேவைப்படுவது உண்மையில் இந்த நான்குக்குத்தான்.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். 'திங்கள்' என்றால் நிலா, மாதம், வாரத்தின் ஒரு நாள் என்று மூன்று பொருள். நமக்கு வேண்டியது வானத்துத் திங்கள். லூசீன் ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் ஆவணங்களின் எண்களை ஏறுவரிசையில் பட்டியலாக வைத்திருக்கும். நம் பட்டியல்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

திங்கள்: 2, 5, 9, 14
நிலவு: 5, 7, 14
கிழமை: 2, 14

'திங்கள்' மஸ்ட், 'நிலவு' ஷுட், 'கிழமை' மஸ்ட் நாட் என்று கேட்கிறோம். முதல் பட்டியலில் இருந்து 2, 14 இரண்டும் விலகுகின்றன. 5, 9 மிஞ்சுகின்றன. 5-இல் நிலவும் இருப்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பெண். மற்றவை ஒத்திருந்தால் அது மேலே வரும், 9 கீழே வரும். 7-ஆம் ஆவணத்தில் நிலவு இருந்தும் அது வரவே இல்லை. 'ஷுட்' என்பதை 'அல்லது' என்று எடுத்துக்கொண்டவர்கள் திகைக்கும் இடம் இதுதான். கட்டாயக் கூறு ஒன்று பக்கத்தில் இருக்கும்போது ஷுட் யாரையும் உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே வந்தவர்களின் வரிசையைத்தான் மாற்றுகிறது.

அப்புறம், திங்களின் மஸ்ட் குறியை எடுத்துவிட்டு அதையும் ஷுட் ஆக்குங்கள். இப்போது 5, 7, 9 மூன்றும் வரும். எல்லாமே ஷுட் என்றால் ஒன்றாவது பொருந்தியாக வேண்டும் என்பது விதி. ஆக ஒரே குறி, பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. வேண்டுமானால் 'ஷுட் கூறுகளில் குறைந்தது இத்தனை பொருந்த வேண்டும்' என்று ஒரு எண்ணை நாமே கொடுத்து இந்த இரட்டைத்தன்மையை அடக்கலாம். பெரிய வினவல்களில் அதைக் கொடுத்துவிடுவதே நல்ல பழக்கம் என்பது என் கருத்து.

இதைத் தமிழில் சொல்ல வரும்போது 'வேண்டும்' காலைவாரிவிடுகிறது. மஸ்ட், ஷுட் இரண்டுக்கும் 'இருக்க வேண்டும்' என்றே பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். வலிமையான கட்டளையையும் மென்மையான விருப்பத்தையும் அந்த ஒரே சொல் தாங்குகிறது. விளக்கக் குறிப்பில் இரண்டுக்கும் அதையே போட்டால் படிப்பவருக்கு வேறுபாடே தெரியாது. நான் பரிந்துரைப்பது: மஸ்ட் என்பதற்குக் கட்டாயக் கூறு, ஷுட் என்பதற்கு விருப்பக் கூறு, மஸ்ட் நாட் என்பதற்கு விலக்குக் கூறு. வாக்கியமாகச் சொன்னால் 'இருந்தே ஆக வேண்டும்', 'இருந்தால் நல்லது', 'இருக்கவே கூடாது'. நடுவில் உள்ள 'இருந்தால் நல்லது' பேச்சுநடை போலத் தோன்றலாம். ஆனால் அந்தக் குறி செய்யும் வேலையை அதைவிடச் சரியாகச் சொல்லும் தொடர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபில்டர் 2015-இல் தான் நான்காவதாகச் சேர்ந்தது. இதுவும் கட்டாயமே, ஆனால் மதிப்பெண் தராது. மஸ்ட், ஷுட் கூறுகள் பொருந்தினால் அவற்றின் மதிப்பெண்கள் கூட்டப்பட்டு ஆவணத்தின் இடம் தீர்மானமாகும். '2016-இல் வெளிவந்ததா' போன்ற ஆம்–இல்லை நிபந்தனைக்கு மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை. அதை ஃபில்டரில் வைத்தால் கணக்கும் மிச்சம், விடையைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கவும் வாய்ப்பு. வடிகட்டி என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதுவே போதும்.

மதிப்பெண் என்ற இந்த ஒன்றே 'பூலியன்' என்பதை 'இருமை' என்று மொழிபெயர்ப்பதற்குத் தடை. இருமை வினவல் என்றால் விடை ஆம், இல்லை என்று இரண்டோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் வரும். லூசீனில் விடை ஒரு வரிசை. தர்க்க வினவல் என்பதிலும் அதே குறை. செயலைப் பார்த்துப் பெயர் வைப்பதானால் கூட்டு வினவல் பொருத்தம்: பல வினவல்களைக் கூட்டி ஆன வினவல். அதன் ஒரு கூறே இன்னொரு கூட்டு வினவலாகவும் இருக்கலாம் என்பதும் இதில் அடங்குகிறது. கட்டுரையில் கூட்டு வினவல் என்றும், நூலகத்தில் அந்தப் பெயருள்ள நிரல் வகுப்பைக் குறிக்கும்போது பூலியன் வினவல் என்றும் எழுதலாம். ஆளின் பெயர் சார்ந்த சொல்லை மாற்றத் தேவையில்லை.

'உம்' பற்றியும் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் எண்ணும்மைதான் பொருள்களை அடுக்கிக் காட்டுவது. 'கவிதையும் கதையும் உள்ள இதழ்' என்றால் இரண்டும் ஒரே இதழில் இருக்க வேண்டும், முடிவு சுருங்கும். 'கவிதைகளும் கதைகளும் எடுத்துக் கொடு' என்றால் இரண்டு வகையும் குவியும், முடிவு விரியும். பேசும்போது கேட்பவர் சூழலால் புரிந்துகொள்கிறார். தேடல் நூலகத்துக்குச் சூழல் கிடையாது. அங்கே 'உம்' எப்போதும் சுருக்கும். 'அதையும் காட்டு, இதையும் காட்டு' என்று பயனர் கேட்டதை இரண்டு கட்டாயக் கூறுகளாக எழுதிவிட்டு, முடிவு ஏன் காலியாக இருக்கிறது என்று தேடுவது பழகியவர்களுக்கும் நேர்வது.

விலக்குக் கூறு மட்டும் தனியாக இருந்தால் எதுவும் வராது. விலக்குவதற்கு முதலில் ஏதாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா. ஆகவே 'எல்லா ஆவணங்களும்' என்ற வினவலை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். கூறுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இயல்பாக 1024, தாண்டினால் 'கூறுகள் மிகை' என்ற பிழை எழும். வரம்பை உயர்த்தலாம், ஆனால் அதற்கு முன் வினவலை ஒருமுறை பார்ப்பது மேல்.

கடைசியாக, பயனர் தட்டும் எழுத்தை வினவலாக மாற்றும் பழைய பகுப்பான். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதும் ஆண்ட் ('உம்'), ஆர் ('அல்லது') இரண்டும் இதே குறிகளாகத்தான் மாறுகின்றன. 'அ ஆர் ஆ ஆண்ட் இ' என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் ஆ, இ இரண்டும் கட்டாயமாகவும், அ விருப்பமாகவும் ஆகிவிடும். கணிதத்தில் படித்த முன்னுரிமை விதிப்படி அ மட்டும் உள்ள ஆவணமும் வந்திருக்க வேண்டும், இங்கே வராது. 'ஆ ஆண்ட் இ' பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்தால் அது தனிக் கூட்டு வினவலாகி, எதிர்பார்த்த விடை கிடைக்கும்.