தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள்

எழுத்தாளர் ஒருவர் மறைந்த சில மாதங்களில் அவருடைய பெட்டிகள் எங்கள் காப்பகத்துக்கு வருவதுண்டு. அப்படி வந்த ஒரு தொகுப்பைக் குடும்பத்தார் மிகுந்த அக்கறையோடு தலைப்புவாரியாக அடுக்கியிருந்தார்கள். அடித்தல் திருத்தல் நிறைந்த தட்டச்சுப் பிரதிகளை மட்டும், “இதெல்லாம் புத்தகமாகவே வந்துவிட்டதே” என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றாலும், எந்த வரி எதற்குப் பின் எழுதப்பட்டது என்று அறியும் வழி அத்தோடு அடைபட்டுவிட்டது.

இதை விளக்க நான் எடுத்துக்காட்டுவது ஆங்கில மிகைபுனைவு நாவலாசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் தாள்களைத்தான். அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகம், நூலகர் வில்லியம் ரெடியின் முயற்சியால், ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதலியவற்றின் கையெழுத்துப் பிரதிகளையும் தட்டச்சுப் பிரதிகளையும் 1957-இல் 1,500 பவுண்டுக்கு வாங்கியது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் பழைய தேர்வுத்தாள்களின் பின்பக்கங்களில்கூட எழுதியவர் அவர். பென்சில் வரிகளின் மேலேயே மையால் எழுதிச் சென்ற இடங்களும் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாயகன் ஃப்ரோடோ முதலில் பிங்கோ என்ற பெயரோடு நடமாடியதை அச்சுப் புத்தகம் சொல்லாது, இந்தத் தாள்கள் சொல்லும். அனுப்பும்போது ஒரு பகுதி வீட்டிலேயே தங்கிவிட்டதால், சேர்ந்திருக்க வேண்டிய தாள்கள் இரு கண்டங்களில் பிரிந்து கிடந்தன. அவற்றைப் பொருத்தி வரிசை காண மகன் கிறிஸ்டோபருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஓவியங்களின் கதை இன்னும் சுவையானது. மோரியா என்னும் நிலத்தடி நகரில் கிடைப்பதாக அதே கதையில் வரும் சிதைந்த ஏட்டின் மூன்று பக்கங்களை டோல்கீன் தாமே வரைந்து, புகைக்குழாயால் விளிம்புகளைக் கருக்கி, தையல் துளைகளும் இட்டார். வண்ண அச்சுக்குச் செலவு மிகும் என்பதால் 1954-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை இடம்பெறவில்லை. மூலங்கள் இன்று ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. நம் வீட்டு அலமாரியில் இப்படியொரு கருகிய தாள் இருந்தால், குப்பைக்கு முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் எதையும் அடுக்காமல், இருந்தது இருந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்ட் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். செலோடேப் கறையை விட்டுச் செல்லும். லேமினேஷன் செய்த தாளைப் பழுதில்லாமல் மீட்பதோ ஏறத்தாழ இயலாத காரியம். துருப்பிடித்த குண்டூசியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அது பிணைத்திருந்த தாள்களை ஒரே வெள்ளைத்தாள் மடிப்புக்குள் வைத்து, மடிப்பின் மேல் பென்சிலால் எண்ணிடுங்கள்.